இரண்டு பள்ளிக்கு நடுவே ஒரு மேசை

எங்கள் தெருவில் இரவு பத்தரைக்கு மேல் இரண்டு விளக்குகள்தான் எரியும். ஒன்று எதிர்வீட்டு அக்காவின் வாசலில், இன்னொன்று என் மேசையில். அக்காவின் மடியில் ஷூவின் மேல்பாகம் இருக்கும். இந்தப் பக்கத்தில் அதை எல்லோரும் ‘அப்பர்’ என்றுதான் சொல்வோம். கம்பெனியில் வெட்டி, துளையிட்டு, சாக்குப்பையில் கட்டி ஏஜெண்டு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிற தோல் அது. மெழுகு ஏற்றிய தடித்த நூலை ஊசியில் கோத்து, துளைக்குத் துளை சுருக்கம் சமமாக விழும்படி இழுத்துத் தைக்க வேண்டும். ஒரு சுருக்கம் கோணினால் ஜோடியே திரும்பி வந்துவிடும். என் மேசையில் ஒரு யானைக்குட்டி. மூன்று வயதுக் குழந்தைகளுக்கான கதைப் புத்தகத்தில் பதினோராம் பக்கம். அதன் காது இன்னும் சரியாக வரவில்லை. காலைக்குள் வந்தாக வேண்டும்.

எங்கள் இருவர் வீட்டிலும் பிள்ளைகள் தூங்குகிறார்கள். அதனால்தான் விளக்கு எரிகிறது. “புள்ள தூங்கினாத்தானே கண்ணு நம்மளுக்கு டூட்டி” என்பார் அக்கா.

ஊர் பள்ளிகொண்டா. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கிறது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பலருக்கு இது ஒரு சுங்கச்சாவடி, அவ்வளவுதான். உள்ளே வந்தால் உத்தர ரங்கநாதர் கோயில். பெருமாள் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். ஊரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். பள்ளி என்றால் தமிழில் உறக்கம். படிக்கும் இடமும் பள்ளிதான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிற பெண்ணுக்கு இந்த இரண்டையும் விட்டால் வேறு நேரம் கிடையாது. பிள்ளை பள்ளிகொண்டால் கொஞ்சம், பள்ளிக்குப் போனால் கொஞ்சம். என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மகனுக்கு மூன்று நடக்கிறது. ஃப்ரீலான்ஸ் ஓவியராக நான் வரைந்த எல்லாமே, கடந்த ஏழு வருஷமாக, இந்த இரண்டு பள்ளிக்கு நடுவே வரைந்ததுதான்.

“உனக்கென்ன, வீட்டுலயே உக்காந்து படம் போடற, அப்படியே குழந்தையையும் பாத்துக்கலாம்” என்று சொல்லாத உறவினர் எனக்கு இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ‘குழந்தையையும்’ என்பதில் இருக்கிற அந்த ‘உம்’ இருக்கிறதே, என் முழு நாளும் அதற்குள்தான் போகிறது.

படம் வரைகிறவளுக்குக் குழந்தை பிறந்தால் முதலில் மாறுவது அவளுடைய கோடு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சென்னையில், 1850-இல் தொடங்கிய பழைய ஓவியக் கல்லூரியில் படித்தவள் நான். நீர்வண்ணம்தான் என் வழி. தாளை நனைத்து, ஈரம் காய்வதற்குள் வண்ணத்தை விட்டு, அது தானாகப் பரவி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பது. நீர்வண்ணத்தில் கையைவிடக் கண்ணுக்கு வேலை அதிகம். தாள் பளபளவென்று நனைந்திருக்கும்போது விட்டால் வண்ணம் ஓடிவிடும். பளபளப்பு மங்கத் தொடங்குகிற அந்தச் சில நொடியில் விட்டால் பஞ்சு மாதிரி நிற்கும். அதையும் தாண்டி ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தால் காலிஃபிளவர் போல விளிம்பு கட்டிக்கொண்டு படம் பாழ். மழைக்காலத்தில் ஒரு பூச்சு நிலைக்கு வர என் அறையில் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஏப்ரல், மே வெயிலில் ஐந்து நிமிடம்கூடத் தராது. எதுவானாலும் அந்த நேரத்தில் எழுந்துபோக முடியாது.

மகன் பிறந்த பிறகு அந்தப் பன்னிரண்டு நிமிடம் எனக்குக் கிடைக்கவே இல்லை. நான்காவது நிமிடத்தில் அழுகை. ஆறாவது நிமிடத்தில் வாசலில் கேஸ் சிலிண்டர். ஒன்பதாவது நிமிடத்தில் மகள் வந்து, அம்மா இங்க பாரேன் என்று பல்லி வாலைக் காட்டுவாள். திரும்பி வந்தால் வானம் இருக்க வேண்டிய இடத்தில் காலிஃபிளவர். ஒரே மாதத்தில் எட்டுத் தாள் வீணானது. பருத்தித் தாள் விலை தெரிந்தவர்களுக்கு அந்த எட்டின் வலி புரியும்.

பேனாவுக்கு மாறினேன். பேனாக்கோடு விட்ட இடத்தில் காத்திருக்கும். நிழலைக் குறுக்குக் கோடுகளாகப் போட்டால், நாற்பது கோடு போட்டு, பிள்ளைக்குச் சோறூட்டி, வந்து நாற்பத்தோராவது கோட்டைப் போடலாம். பிறகு கடன் வாங்கி டேப்லெட். லேயரில் வரைந்தது காயாது, ஓடாது, எத்தனை மணி நேரம் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும். அடுத்த புத்தகத்தைப் பார்த்த எடிட்டர், “ஸ்டைலை மாத்திட்டீங்களா, நல்லா இருக்கே” என்றார். நன்றி சொன்னேன். அது ஸ்டைல் இல்லை, ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தூங்காத குழந்தை என்று சொல்லத் தோன்றியது; சொல்லவில்லை.

பிள்ளைகளால் கை இழந்ததை இப்படிக் கணக்குப் பார்க்கிற நான், கண்ணுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் வரைந்த குழந்தைகள் எல்லாம் சின்ன உருவத்துப் பெரியவர்கள். குழந்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கும்போது முழங்கை எங்கே போகும், குத்துக்கால் போட்டு எறும்பைப் பார்க்கும்போது பாதம் முழுசாகத் தரையில் எப்படிப் பதியும், தூக்கம் வரும்போது முதலில் தளர்வது கழுத்தா கையா? இதெல்லாம் எந்த மாடல் வகுப்பிலும் கிடைக்காதது.

இதை உலகத்திலேயே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் என்று நான் நினைப்பது ஜப்பானிய ஓவியர் சிஹிரோ இவாசாகி. பெயர் தெரியாவிட்டாலும் அவர் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். தமிழ்நாட்டில் ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த ‘டோட்டோ-சான்’ ஜப்பானில் 1981-இல் புத்தகமாக வந்தபோது அதில் இடம்பெற்றவை அவர் வரைந்த குழந்தைகள்தான். அப்போது அவர் உயிரோடு இல்லை. 1974-இல், 55 வயதில், புற்றுநோயில் இறந்துவிட்டார். நூலாசிரியர் தெட்சுகோ குரோயானகி, அவர் விட்டுப்போன படங்களிலிருந்துதான் தேர்ந்தெடுத்தார். பத்து மாதக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தை, எதிரே பிள்ளை இல்லாமலே, நினைவிலிருந்து வரைந்து காட்டுவார் என்று சிஹிரோவைப் பற்றிச் சொல்வார்கள். பெரும்பாலும் நீர்வண்ணம். ஈரத்தில் ஈரம் கலந்து, விளிம்பே இல்லாமல் கரைகிற கன்னங்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. கைக்குழந்தையோடு இந்த மனுஷியால் எப்படி நீர்வண்ணம் முடிந்தது என்று தேடிப் படித்தேன். அவருக்கு மகன் பிறந்தது 1951-இல். கணவர் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருமானம் சிஹிரோவின் தூரிகை. டோக்கியோவில் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டும் நடக்கவில்லை. பிறந்து சில வாரங்களே ஆன மகனை நாகனோவில் இருந்த தன் பெற்றோரிடம் விட்டார். பணம் சேர்ந்தபோதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பார்த்தார். பார்த்த நேரத்தில் அவனை வரைந்து தீர்த்தார். அடுத்த ஆண்டு டோக்கியோவின் ஒரு மூலையில் சின்ன வீடு அமைந்த பிறகுதான் மகன் அவரோடு வந்து சேர்ந்தான்.

படித்து முடித்து வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கரைகிற அந்தக் கன்னங்களில் சில, பக்கத்தில் இல்லாத குழந்தையின் கன்னங்கள்.

இங்கிலாந்தில் ஓவியர் ஜூடித் கெர் வேறு மாதிரி செய்தார். புலி ஒன்று டீ குடிக்க வீட்டுக்கு வருகிற கதையைத் தன் மகளுக்குச் சொல்லிச் சொல்லியே அதற்கு உருவம் கொடுத்தார். மகளுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. கதை மனசில் தயாராக இருந்தும் அது புத்தகமாக வந்தது 1968-இல்தான். அவர் உட்கார்ந்து வரையத் தொடங்கியது இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு. அப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. 2019-இல் 95 வயதில் இறக்கும்வரை வரைந்துகொண்டே இருந்தார் என்பது ஆறுதலான விஷயம். எல்லோருக்கும் 95 வயது வாய்க்குமா?

ஒருவர் பிள்ளையை விட்டுவிட்டு வரைந்தார். இன்னொருவர் வரைவதை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் தராசில் வைத்த மாதிரி ஏந்திக்கொண்டு நின்றவர் என்று யாரையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ‘பேலன்ஸ்’ என்று பெண்கள் கூட்டங்களில் என்னிடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பேர்தான் ஞாபகம் வருகிறார்கள்.

நம் வாரப் பத்திரிகைகள் வளர்த்த ஓவியர்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மாலி, கோபுலு, சில்பி, மணியம். நான் வரையக் கற்றதே இவர்களைப் பார்த்துக் காப்பியடித்துத்தான். ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது வாராவாரம் மணியம் வரைந்தார். ஆனந்த விகடனுக்காகச் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் முன் உட்கார்ந்து வரைந்தார். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றும். அந்த நேரத்தில் அவர்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு யார் தலைசீவி விட்டிருப்பார்கள் என்றும் இப்போது நினைத்துக்கொள்கிறேன். முன்பு நினைத்ததில்லை. அவர்கள்மேல் இது குறையில்லை. ஆனால் அந்த வரிசையில் ஏன் ஒரு பெண் பெயர் சட்டென்று நாக்குக்கு வருவதில்லை என்பதற்குத் திறமை காரணமில்லை என்பது மட்டும் எனக்கு உறுதி. என்னோடு படித்தவர்களில் என்னைவிட நன்றாக வரைந்த பெண்கள் உண்டு. அவர்களில் இப்போது வரைகிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

2019-இல் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் ஒரு நாளைக்கு அதில் செலவழிப்பது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். இது சம்பளமில்லாத சமையல், துவைப்பு, பெருக்குதல் மட்டும். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு: அதில் ஈடுபடுகிற பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76. ஐந்து மணி நேரத்தோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தது ஒரு ஷிப்ட். கம்பெனியில் ஒரு ஷிப்ட் முடித்தால் பஸ்ஸில் கொண்டுவந்து விடுகிறார்கள். இங்கே ஒரு ஷிப்ட் முடிந்த பிறகுதான் மேசைக்கே வருகிறோம்.

முப்பது பேர் இருந்தால்தான் குழந்தையா?

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதும்போது தோலைத் தவிர்க்க முடியாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீள்கிற இந்தப் பட்டையில் எந்தக் கிராமத்திலும் விடிகிற நேரத்தில் ரோட்டோரம் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் நிற்பதைப் பார்க்கலாம். கம்பெனி பஸ்ஸுக்காக. ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் வரிசை முழுக்கப் பெண்கள்தான். என் வீட்டுக்காரரும் ஒரு ஷூ கம்பெனியில்தான் கட்டிங்கில் இருக்கிறார்.

கம்பெனிக்குள் போகிற பெண்ணுக்குச் சட்டம் ஏதோ ஒரு அளவுக்குத் துணை நின்றிருக்கிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம், 1976-இல் திருத்தப்பட்ட பிறகு, சொன்னது. மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம், 26 வாரச் சம்பள விடுப்போடு, 50 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. எத்தனை இடத்தில் அந்தக் காப்பகம் வெறும் பூட்டிய அறை என்பது வேறு பேச்சு. சட்டத்தில் எழுத்தாவது இருக்கிறது.

இப்போது எதிர்வீட்டு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஷூ. அதே தோல். அது போய்ச் சேருவதும் அதே ஐரோப்பியக் கடைகளின் அலமாரிதான். ஆனால் அக்காவின் திண்ணையில் வேலை செய்கிறவர் ஒருவர். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒருவர். கோடி வீட்டில் ஒருவர். தெருவுக்கு முப்பது பேர் தைத்தாலும் சட்டத்தின் கணக்கில் அவர்கள் ஒன்று, ஒன்று, ஒன்று. முப்பது ஆகவே மாட்டார்கள். அதனால் அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காப்பகமும் கிடையாது. பிள்ளை, தோல் குவியலுக்கும் ஊசிக்கும் பக்கத்திலேயே விளையாடுகிறது. அக்கா ஒரு கண்ணைத் துளையிலும் ஒரு கண்ணைப் பிள்ளையின் கையிலும் வைத்துக்கொண்டே தைக்கிறார்.

ஆம்பூர் வட்டாரத்தின் இந்த வீட்டுத் தையல் பெண்களைப் பற்றி 2016-இல் ‘நம் ஷூக்களைத் தைப்பவர்கள்’ என்கிற பொருளில் ஓர் ஆங்கில அறிக்கை வந்தது. இங்கிலாந்தின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைட், லேபர் பிஹைண்ட் தி லேபிள் அமைப்புகளும் பெங்களூரின் சிவிடெப்பும் சேர்ந்து கொண்டுவந்தது. ஜோடிக்கு இவ்வளவு என்கிற கூலியில், எந்த எழுத்தும் கையெழுத்தும் இல்லாமல், ஏஜெண்டு வழியாக நடக்கிற வேலை அது என்பதை அது வெளியே கொண்டுவந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கும் ஆலைத் தொழிலாளிக்குள்ள பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்திருக்கிறது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் காலணி, தோல் தொழிலாளர்களுக்கென நலவாரியம் இருக்கிறது. அட்டை வாங்கினால் மகப்பேறுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி கிடைக்கும். அக்காவிடம் அட்டை இருக்கிறது. அது பிரசவத்துக்கு வரும், ஸ்கூலுக்கு வரும். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வராது.

முதலில் நான் என்னை அக்காவோடு சேர்த்துப் பார்த்ததில்லை. எனக்குக் கல்லூரிப் பட்டம் இருக்கிறது, புத்தகத்தின் அட்டையில் பெயர் வருகிறது. ஒரு ராத்திரி, எத்தனை முடிஞ்சது அக்கா என்று கேட்டேன். “ஆறு ஜோடி கண்ணு. உனக்கு?” என்றார். ஒரு பக்கம் என்றேன். “பக்கத்துக்கு எவ்ளோ தருவாங்க?” என்றார். சொன்னேன். அப்போதுதான் விளங்கியது. எனக்கும் பீஸ் ரேட்தான். வேலை நடந்தால் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காசு நிற்கும். எனக்கு ஏஜெண்டு இல்லாத குறைதான், மற்றதெல்லாம் ஒன்று.

எழுத்தில் இல்லாத கூலி

மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது ஒரு பதிப்பகத்துக்கு அட்டைப்படமும் உள்ளே பத்துப் படங்களும் வரைந்தேன். பேச்செல்லாம் போனில். பாதிப் பணம் ஐந்து மாதம் கழித்து வந்தது. மீதி வரவே இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து அதே அட்டைப்படத்தைத் துணிப்பையிலும் நாட்காட்டியிலும் பார்த்தேன். என் பெயர் அதில் இல்லை. கேட்டபோது, காசு கொடுத்து வரைந்தது எங்களுக்குத்தானே சொந்தம் என்றார்கள். மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே ராத்திரிகளில் வரைந்த படம் அது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

பிறகு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். படித்திருக்க வேண்டியது முன்னாலேயே. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, அவரிடம் காசு வாங்கி வரைந்த ஓவியத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. அதாவது நாம் எழுதி வாங்காமல் விட்டால் சட்டம் அந்தப் பக்கம்தான் நிற்கும். எழுதினால் நிலைமையே வேறு. உரிமையை ஒருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த ஊர் எல்லைக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. உரிமையை விற்ற பிறகும் இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்கிற உரிமை 57-ஆவது பிரிவின்படி நம்மிடமே இருக்கிறது. சிஹிரோ இதற்காகத்தான் தன் காலத்தில் பதிப்பகங்களோடு சண்டை போட்டார். மூலப்படங்களைத் திருப்பித் தரச் சொன்னார். அப்படித் திரும்பி வந்த படங்களோடுதான், அவர் வாழ்ந்த வீட்டு மனையிலேயே 1977-இல் அவர் பெயரில் அருங்காட்சியகம் எழுந்தது.

இப்போது நான் ஒரு பக்க ஒப்பந்தம் இல்லாமல் ரஃப் கூட அனுப்புவதில்லை. எத்தனை படம், எத்தனை தடவை கரெக்‌ஷன், எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை வருஷம், எப்போது பணம். உத்யம் தளத்தில் குறுநிறுவனமாகப் பதிவும் செய்துகொண்டேன்; கட்டணமில்லை. வீட்டு மேசையிலிருந்து வேலை செய்கிற ஓவியரும் சேவை நிறுவனம்தான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி அப்படிப் பதிந்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பில்லின் அடியில் இந்த ஒரு வரியைப் போட ஆரம்பித்த பிறகு பணம் வருகிற வேகமே மாறிவிட்டது.

விலை சொல்வதில்தான் இன்னும் எனக்குக் கூச்சம் போகவில்லை. முன்பெல்லாம் ஒரு படத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுச் சொல்வேன். ஒரு பக்கத்துக்கு ஆறு மணி நேரம். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை எனக்கு வாங்கிக் கொடுக்க என் மாமியார் தன் முட்டிவலியோடு மூன்று மதியம் பேரனைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பார். அந்த நேரம் யாருடைய பில்லிலும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு மரியாதையான சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அதை இப்போது விலையில் சேர்த்துச் சொல்கிறேன். சிலர் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் கொடுக்கிறார்கள். ஆண் ஓவியர்களும் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அவர்கள் வீட்டிலும் அந்த ஆறு மணி நேரத்தை யாரோ ஒருவர் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

யாருடைய கை

மீனா சுவாமிநாதனின் பெயர் பரவலாகத் தெரிய வேண்டிய அளவுக்குத் தெரியவில்லை என்பது என் வருத்தம். விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்றே பலரும் அறிமுகம் செய்வார்கள். 1972-இல் பள்ளிவயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை தந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அடுத்த மூன்று வருஷத்தில், 1975 அக்டோபர் 2-இல், 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதற்கு அந்த அறிக்கையும் அடித்தளம். நம் தெருமுனை அங்கன்வாடியின் வேர் அங்கே இருக்கிறது. 2022-இல் மறையும்வரை சென்னையில் இருந்தபடி அவர் சொல்லிவந்த விஷயம், சத்துணவும் பாட்டும் மட்டுமில்லாமல், வேலைக்குப் போகிற தாயின் நேரத்தையும் கணக்கில் வைத்துக் குழந்தைப் பராமரிப்பைத் திட்டமிட வேண்டும் என்பது.

அது இன்னும் பாதிதான் நடந்திருக்கிறது. என் மகன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். டீச்சர், ஆயாம்மா இருவரையும் அவனுக்கு என்னைவிடப் பிடிக்கும். அங்கே சாப்பிட்டுத் தூங்கி எழுகிற வரைக்கும் என் மேசை என்னுடையது. மகளுக்குப் பள்ளியிலேயே காலை உணவு. 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம். அந்தப் பொங்கலையும் கிச்சடியையும் பிள்ளைகளின் பசிக்கான திட்டம் என்று சொல்கிறோம், சரிதான். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஒரு அம்மாவுக்குக் காலையில் அரைமணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்த திட்டமும் அதுதான். ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே? சத்துமாவு வீடு தேடி வருகிறது. குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஒரு கை வருவதில்லை. ஒரு பெண்ணின் தொழில் அறுந்துபோவது பெரும்பாலும் அந்த இரண்டு வருஷத்தில்தான். என்னோடு படித்தவர்கள் நின்றுபோனதும் அங்கேதான்.

வீட்டுக்காரரோடு இதைப் பேசவே எனக்கு நாலு வருஷம் ஆனது. அவர் நல்லவர், கேட்டால் உதவி செய்வார். கேட்டால் என்பதுதான் சிக்கல். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பிள்ளைகள் அவருடையவர்கள். உதவி என்கிற சொல்லை அந்த நான்கு மணி நேரத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. ஆரம்பத்தில் என் மாமியாருக்கு அது ஒட்டவில்லை. மகன் இடுப்பில் பிள்ளையோடு பாலாற்றுப் பாலம் பக்கம் நடந்து போவதைத் தெரு பார்க்கிறதே என்று சங்கடப்பட்டார். இப்போது அவரே ஞாயிற்றுக்கிழமை எனக்கு மேசைக்கு டீ கொண்டுவந்து வைக்கிறார்.

ஜூன் மாதத்தில் அக்காவும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அக்காவின் சின்னவளும் என் மகனும் ஒரே அங்கன்வாடி. அங்கன்வாடி முடிந்து வந்த பிறகு செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பிள்ளைகளும் என் வீட்டில், அக்கா தைப்பார். புதனும் வியாழனும் அக்காவின் பொறுப்பு. அன்றைக்குத் தோல் சாக்கையும் ஊசியையும் பரண்மேல் ஏற்றிவிடுவார். இருவருக்கும் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்போலக் கூடுதலாகக் கிடைக்கிறது. தைத்தால் அது அக்காவுக்கு எத்தனை ஜோடி என்று அவர் விரலில் கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்கடுத்த வாரம் எதிர்வரிசையிலிருந்து இன்னொரு பெண் வந்து, எங்க வீட்டுப் பிள்ளையையும் சேத்துக்குவீங்களா என்று கேட்டார். சேர்த்துக்கொண்டோம்.

போன புதன்கிழமை, மூன்றரை மணி. மழை வரும்போல இருந்தது. பரணிலிருந்து பழைய வண்ணப்பெட்டியை இறக்கினேன். சில வில்லைகள் வெடித்துப் போயிருந்தன. தண்ணீர் விட்டதும் இளகின. மீதம் வைத்திருந்த பருத்தித் தாளைப் பலகையில் ஒட்டி, முழுக்க நனைத்தேன். வரைய வேண்டியிருந்தது ஓர் ஆறு. 2021 நவம்பரில் பாலாற்றில் கரைகொள்ளாமல் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று பார்த்த அந்தச் செம்பழுப்பு எனக்கு இன்னும் கண்ணில் இருந்தது. பளபளப்பு மங்கக் காத்திருந்து, விட்டேன். வண்ணம் மெதுவாக நகர்ந்து, தாளின் பள்ளங்களில் தங்கி, மணல் போல் படியத் தொடங்கியது. எதிர்வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகளும் கத்துகிற சத்தம், நடுநடுவே அக்காவின் அதட்டல். என்னை யாரும் கூப்பிடவில்லை. தூரிகையைத் தாளில் படாமல் கையில் பிடித்துக்கொண்டு, அது காய்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.